அறுபது வோட் வெளிச்சம்

ஒட்டுசுட்டான்
09.06.2024

அன்புள்ள தங்கச்சி கஜேந்தினிக்கு,

அண்ணன் விஜிதரன் எழுதுவது. அம்மாவும் நானும் நல்ல சுகம். மாடுகளும் சுகம். நீ விடுதிச் சாப்பாட்டில் மெலிந்து போகாமலிருக்க அம்மன் துணை. கைப்பேசி வைத்திருக்க விடாத விடுதியில் உன்னைச் சேர்த்ததால் எனக்குக் கையெழுத்துத் திருந்திவிடும் போலிருக்கிறது.

குளக்கட்டுப் பாதை வளையும் முடக்கில் ஒருவழியாகச் சூரிய ஒளி லைற் போட்டுவிட்டார்கள். யானைகள் குறுக்கே இறங்கும் அதே முடக்குத்தான். அம்மா விடிய ஐந்து மணிக்குப் பால் கானைத் தூக்கிக்கொண்டு அதைக் கடந்துதான் றோட்டுக்குப் போக வேண்டும் என்று உனக்குத் தெரியும். போன மாதம் பிரதீபன் வீட்டுக் குசினிச் சுவரைத் தள்ளிவிட்டுப் போன யானையும் அந்த வழியால்தான் வந்தது.

லைற்றைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தூணில் 'அறுபது வோட்' என்று பெரிதாக எழுதி, வீதி விளக்குத் திட்டத்தின் பெயரையும் அடித்திருக்கிறார்கள். அடியில் நின்றால் என் கால் எனக்கே தெரியவில்லை. திட்ட அலுவலர் கதிர்காமநாதனிடம் சொன்னேன். "அறுபது வோட் எண்டா அறுபது வோட்தான் தம்பி. உங்கட கண்ணை ஆஸ்பத்திரியில காட்டுங்கோ" என்று சிரித்தார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள்.

நீ ஒளியைப் பற்றித்தானே படிக்கிறாய். இந்த லைற் எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்று ஒரு இலக்கம் எழுதி அனுப்பு. என் கண்ணை நம்பாதவர் உன் கணக்கை நம்புவார்.

இப்படிக்கு,
அண்ணன்

(கீழே அம்மாவின் எழுத்தில்) சாப்பாட்டைக் கொட்டாதை. தலைக்கு எண்ணெய் வை. லைற் வந்திட்டுது. அம்மா.


வவுனியா
19.06.2024

அன்புள்ள அண்ணா,

நான் நல்ல சுகம். உங்கள் சுகமும் அம்மாவின் சுகமும் அறிய ஆவல். அம்மாவின் ஒருவரி இல்லாவிட்டால் உங்கள் கடிதத்தைப் பாதியில் மூடிவிடுவேன் என்று அவரிடம் சொல்லுங்கள்.

கேட்ட கணக்கு இதோ. வெளிச்சம் தண்ணீர் மாதிரி ஒழுகி வருவதில்லை, அரிசி மாதிரி மணிமணியாக வருகிறது. ஒரு மணிக்குப் பெயர் போட்டோன். அறுபது வோட் என்றால் செக்கனுக்கு அறுபது யூல் சக்தி. நல்ல எல்.ஈ.டி. விளக்கில் அதில் நூற்றுக்கு நாற்பது பங்கு வெளிச்சமாகும், மிச்சம் சூடாகிப் போய்விடும். ஆக இருபத்துநான்கு யூல். அதை ஒரு போட்டோனின் சக்தியால் வகுக்க வேண்டும். அது ஒரு நுள்ளுக்கும் காணாத அளவு என்பதால் விடை பயங்கரமாக வரும்.

வந்தது: செக்கனுக்கு ஆறு லட்சத்து எழுபதாயிரம் கோடி கோடி போட்டோன்.

இந்தக் கணக்கைக் கரும்பலகையில் செய்யச் சொல்லி ஆசிரியர் எனக்குச் சோக்கட்டி தந்தார். வகுப்பில் நான் ஒருத்திதான் சரியாகச் செய்தேன். அண்ணா, இவ்வளவு கோடி கோடி வந்து விழும் இடத்தில் கால் தெரியவில்லை என்றால் கண் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். இனி அவர் ரோச் லைற்றுக்குப் பற்றரி தேடி அலையத் தேவையில்லை.

அன்புடன்,
கஜி


ஒட்டுசுட்டான்
03.07.2024

தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாயிரு.

உன் கடிதத்தை அம்மா இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு பால் சேர்க்கும் இடத்திலும் கொண்டுபோய் வாசிப்பித்தார். 'என்ர பிள்ளை வெளிச்சத்தை எண்ணிப்போட்டாள்' என்று ஊரெல்லாம் கதை.

நானும் ஒரு மடையன். ஏதோ பெரிய ஆயுதம் கிடைத்த மாதிரி அந்தக் கடிதத்தைத் திட்டக் கூட்டத்துக்குக் கொண்டு போனேன். கதிர்காமநாதன் வாசித்தார். முகம் மலர்ந்துவிட்டது. "கெட்டிக்காரத் தங்கச்சி" என்றார். உடனே படியெடுத்துத் தன் கோப்பில் போட்டுக்கொண்டார். பயனாளிக் குடும்பமே கணக்குப் போட்டு வெளிச்சம் காணும், தாராளமாகப் போதும் என்று உறுதிப்படுத்தியிருக்கிறது என்று கூட்டத்தில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள்.

கஜி, லைற் என்ன தருகிறது என்று நான் கேட்டேன். தூணில் என்ன எழுதியிருக்கிறது என்று நீ பதில் எழுதியிருக்கிறாய். அதை வாசிக்க எனக்கும் தெரியும். உன்னைப் படிக்க அனுப்பியது எழுதினதையெல்லாம் நம்புவதற்கா?

அண்ணன்

(அம்மாவின் எழுத்தில்) அண்ணன் சும்மா கத்துறான். நீ போட்டது சரி. நான் இப்ப ரோச் கொண்டு போறேல்லை. அம்மா.


வவுனியா
09.07.2024

அண்ணாவுக்கு,

சுகம். உங்கள் கடிதத்தை வாசித்த பிறகும் சுகமாகத்தான் இருக்கிறேன் என்று எழுத ஆசை, முடியவில்லை. இரண்டு நாள் உங்களோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன். மூன்றாம் நாள் என்னோடு. நீங்கள் சொன்னது சரி. பரீட்சைத்தாளில் அறுபது வோட் என்று தந்தால் அது அறுபது வோட்தான். அதே பழக்கத்தில் தூணையும் பரீட்சைத்தாள் என்று எடுத்துவிட்டேன்.

ஆனால் கைதட்டியவர்கள் மேல்தான் கோபம் கூட வருகிறது. அவர்களில் ஒருவராவது அந்த லைற்றின் கீழ் நடந்திருப்பாரா?

எனக்கு இரண்டு விஷயம் வேண்டும். தூணின் மேலுள்ள சூரியத் தகட்டின் நீள அகலத்தை ஏணி வைத்து ஏறி அளந்து எழுதுங்கள். லைற் எத்தனை மணிக்கு மங்குகிறது என்றும் எழுதுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதல், அம்மாவிடம் ரோச்சைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். நாளைக்கே. நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கஜி


வவுனியா
02.08.2024

அண்ணாவுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமா இல்லையா என்று ஊகிக்க வேண்டிய நிலை. மூன்று கிழமையாக ஒரு வரி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடுதித் தொலைபேசியில் எடுத்தேன். அம்மா கோயிலுக்குப் போய்விட்டார் என்றீர்கள். அதற்கு அடுத்த ஞாயிறும் கோயில். அம்மாவுக்கு எப்போதிருந்து இவ்வளவு பக்தி? மாட்டுக்குப் புல் வைத்த பிறகுதான் சாமிக்குப் பூ என்கிற ஆள் அவர்.

பஸ்ஸில் நீங்கள் கொடுத்துவிட்ட பொதி கிடைத்தது. அரிசிமா உருண்டை பிரிக்கும்போதே உதிர்ந்துவிட்டது. சம்பலில் உறைப்பு அள்ளிப் போட்டிருந்தது. அது அம்மாவின் கை இல்லை. அம்மா என்னோடு கோபமா? கணக்குப் பிழைத்ததற்கு இவ்வளவு கோபமா? கோபமென்றால் ஒருவரியில் திட்டி எழுதச் சொல்லுங்கள், தாங்குவேன். இப்படிப் பேசாமலிருப்பதைத் தாங்க முடியவில்லை.

தகட்டின் அளவும் இன்னும் வரவில்லை.

கஜி


ஒட்டுசுட்டான்
11.08.2024

தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகம். அம்மாவுக்கு உன்னில் கோபமில்லை. வேலை கூட. எழுத நேரம் கிடைக்கவில்லை. உருண்டை பிடித்தது பக்கத்து வீட்டு வினோஜா.

தகடு முப்பத்தைந்து சென்ரிமீற்றர் நீளம், இருபத்தைந்து அகலம். இரண்டு மணிக்கு மங்கத் தொடங்கும். ஐந்து மணிக்கு லைற்றும் இல்லை, ஒன்றும் இல்லை.

பரீட்சை வருகிறது. நீ படி. வீட்டைப் பற்றி யோசிக்காதே.

அண்ணன்


வவுனியா
18.08.2024

அண்ணாவுக்கு,

சுகம். அம்மாவின் வரி இந்த முறையும் இல்லை. அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் கணக்கு.

அவர்கள் எழுதியதை நம்பவே தேவையில்லை. லைற்றுக்குச் சாப்பாடு போடுவது அந்தத் தகடுதான். வாங்காத வெளிச்சத்தை எந்த விளக்கும் கொடுக்க முடியாது. நீங்கள் எழுதிய அளவுத் தகடு நல்ல வெயிலில் பதினாறு வோட் வரை பிடிக்கும். நல்ல வெயில் ஒரு நாளைக்கு ஐந்து மணித்தியாலம். பற்றரியில் போகும் சேதத்தைக் கழித்து, மிச்சத்தைப் பன்னிரண்டு மணித்தியால இருட்டுக்குப் பங்கிட்டால் ஐந்து வோட் கிடைக்கும். அறுபது இல்லை, ஐந்து. போட்டோன் கணக்கில் செக்கனுக்கு ஐம்பத்தாறாயிரம் கோடி கோடி. முதலில் நான் எழுதியதில் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கு.

இதுவும் பெரிய இலக்கமாகத்தான் தெரியும். ஏமாறாதீர்கள். அந்த முடக்கின் அகலத்துக்கு அதைப் பரப்பினால் நிலவு வெளிச்சத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அதைவிடக் கூடுதலாக எரிய விட்டால் விடியும் முன்னமே பற்றரி செத்துவிடும். அதுதான் ஐந்து மணிக்கு நடக்கிறது. அந்தத் தகட்டை வாங்கியவருக்கு இது தெரியாமலிருக்க வழியே இல்லை. தெரிந்துகொண்டேதான் அறுபது என்று எழுதியிருக்கிறார்கள். இந்தத் தாளைக் கொண்டுபோய்க் கதிர்காமநாதனின் மேசையில் வையுங்கள். என் முதல் தாளைத் திருப்பி வாங்குங்கள்.

இனி அம்மா. நேரமில்லை என்பதை நான் நம்பவில்லை. ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் வேண்டும்? உண்மையை எழுதுங்கள்.

கஜி


ஒட்டுசுட்டான்
01.09.2024

தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம்.

கொண்டுபோய் வைத்தேன். அவர் பழைய தாளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "முந்தி ஆறு லட்சம் கோடி கோடி. இப்ப அம்பத்தாறாயிரம். உங்கட தங்கச்சிக்கே எது சரி எண்டு தெரியேல்லை" என்றார். தகட்டை வந்து அளந்து பாருங்கள் என்றேன். அளப்பதற்குக் கொழும்பிலிருந்து ஆள் வர வேண்டுமாம். பழைய தாளைத் தர மாட்டாராம். அது கோப்புக்குரியதாம். மேசையைத் தூக்கி அடித்திருப்பேன், வீட்டில் ஆள் தனியே என்று நினைத்துத் திரும்பிவிட்டேன்.

அந்தக் கோப்பில் வேறொரு தாளும் இருந்தது. அதை விடு.

மழைக்கு முதல் யானைகள் கூடும். பாலை இப்போது நான்தான் கொண்டு போகிறேன்.

அண்ணன்


வவுனியா
08.09.2024

அண்ணா,

நலம் விசாரிக்க மாட்டேன். விசாரித்தால் 'எல்லோரும் சுகம்' என்று பொய் எழுதுவீர்கள்.

இன்று பொதி எடுக்கப் பஸ் நிலையத்துக்குப் போனேன். நடத்துனர் பையைத் தந்துகொண்டே கேட்டார்: "அம்மான்ர கை பொருந்திட்டுதே பிள்ளை?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓம் என்றேன். பெற்ற தாய்க்கு என்ன நடந்தது என்று தெரியாத பிள்ளை என்று அவர் நினைக்கக் கூடாது என்பதற்காக ஓம் என்றேன். வெட்கத்தில் பை கையிலிருந்து விழுந்துவிட்டது.

பஸ் நடத்துனருக்குத் தெரியும். வினோஜாவுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியும். எனக்கு மட்டும் கோயில் கதை. நான் என்ன, விடுதியில் வைத்து வளர்க்கும் கண்ணாடிப் பொம்மையா? என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எல்லாம் எழுதுங்கள். எழுதாவிட்டால் பரீட்சையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், அடுத்த பஸ்ஸில் வருவேன்.

கஜேந்தினி


ஒட்டுசுட்டான்
14.09.2024

என் தங்கச்சிக்கு,

அம்மா உயிரோடு இருக்கிறார். எழும்பி நடக்கிறார். முதலில் அதை வாசித்துவிட்டு மிச்சத்தை வாசி.

ஆடிப்பிறப்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை. விடிய ஐந்து மணி. அம்மா பால் கானோடு முடக்கால் போயிருக்கிறார். லைற் நூர்ந்து ஒரே இருட்டாகக் கிடந்தது. கையில் ரோச் இல்லை. யானை தூணோடு நின்றதாம். கிட்டப் போகும்வரை அம்மாவுக்குத் தெரியவில்லை. அது திரும்பின திரும்பலில் அம்மா வாய்க்காலுக்குள் எறிபட்டார். வலக்கை இரண்டு இடத்தில் முறிந்தது. இடுப்பிலும் அடி. கான் நசுங்கிய சத்தத்தில் யானை விலகியிருக்க வேண்டும். நான் ஓடிப் போனபோது வாய்க்கால் தண்ணீர் பாலாக இருந்தது.

ரோச்சைக் கொண்டுபோகச் சொல்லி நீ எழுதிய கடிதம் அன்று பின்னேரம் தபாலில் வந்தது.

பெரியாஸ்பத்திரியில் கையில் தகடு வைத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அம்மா கதைத்த முதல் கதை உன்னைப் பற்றித்தான். "கஜிக்குச் சொல்லிப்போடாதை. அந்தக் கணக்கு அவளைத் தின்னும்" என்றார். தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். அதுதான் கோயில்.

இனி, நான் விடச் சொன்ன அந்தத் தாள். யானையால் பாதிக்கப்பட்டவர்களுக்கான உதவிக்கு நாங்கள் விண்ணப்பித்தபோது கதிர்காமநாதன் அறிக்கை எழுதியிருக்கிறார். நான் மனப்பாடமாக்கி வைத்திருக்கிறேன். 'வீதி விளக்கின் ஒளி போதியளவு இருந்தும் பாதிக்கப்பட்டவர் கவனக்குறைவாக நடந்துள்ளார். ஒளிக்கணக்கு இணைக்கப்பட்டுள்ளது.' இணைத்திருப்பது உன் தாள்.

உனக்குச் சொல்லாமல் விட்டதற்கு நீ என்னைப் பேசு. ஏசு. ஆனால் பஸ் ஏறி வந்துவிடாதே. அம்மா தாங்க மாட்டார்.

அண்ணன்


வவுனியா
19.09.2024

அண்ணா,

உங்களை ஏசுவதற்கு நிறைய இருக்கிறது. பிறகு ஏசுகிறேன். அம்மாவின் இடக்கையைப் பிடித்து நான் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மூன்று நாள் ஒன்றும் படிக்கவில்லை. என் எழுத்தை என் அம்மாவின் முறிந்த கைக்கு எதிராக ஒருவன் கோர்த்து வைத்திருக்கிறான். அழுகை வந்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. இப்போது இருப்பது ஆத்திரம் மட்டும். இதோடு அவருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. ஒரு படியை அவரிடம் கொடுங்கள். இன்னொன்றைப் பால் சேர்க்கும் இடத்துச் சுவரில், எல்லோரும் வாசிக்கும் உயரத்தில் ஒட்டுங்கள்.

கஜி

திட்ட அலுவலர் கதிர்காமநாதன் ஐயாவுக்கு,

கடிதமென்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று அம்மா எங்களைப் பழக்கியிருக்கிறார். நீங்கள் மீனம்மாவின் நலத்தை விசாரியுங்கள். அதற்குப் பிறகு உங்களுடையதை நான் விசாரிக்கிறேன்.

உங்கள் அறிக்கையோடு நீங்கள் இணைத்திருக்கும் கணக்கு என்னுடையது. அதில் வகுத்தல் சரி, பெருக்கல் சரி. பிழை அறுபது என்ற இலக்கம். அதை நான் எழுதவில்லை, உங்கள் தூண் எழுதியது. நான் நம்பினேன். என்னை அம்மா நம்பினார். ரோச்சை வீட்டில் வைத்துவிட்டுப் போனார். அது கவனக்குறைவு என்றால், உங்கள் எழுத்தை நம்பிய கவனக்குறைவுதான்.

எந்தக் கணக்குச் சரி என்று தெரியவில்லை என்றீர்களாம். அதற்குக் கொழும்பிலிருந்து ஆள் வரத் தேவையில்லை. உங்கள் அறிக்கையை எடுத்துக்கொண்டு விடிய ஐந்து மணிக்கு முடக்குக்கு வாருங்கள். அந்த லைற்றின் கீழ் நின்று, நீங்கள் எழுதியதை நீங்களே உரத்து வாசியுங்கள். வாசிக்க முடிந்தால் என் அம்மா கவனமில்லாதவர் என்று நானே கையெழுத்து வைக்கிறேன். முடியாவிட்டால் அந்த வரியை வெட்டுங்கள்.

மீனம்மாவின் மகள்
கஜேந்தினி


ஒட்டுசுட்டான்
06.10.2024

அன்பான மகள் கஜிக்கு,

அம்மா சொல்ல வினோஜா எழுதுறாள். நான் சுகம். கை இன்னும் மடங்குதில்லை, மற்றபடி சுகம். நீ சாப்பிடுறியோ? கொண்ணன் கோயில் எண்டு சொன்னது நான் சொல்லச் சொன்னது. அவனை ஏசாதை.

நீ ஒட்டச் சொன்ன கடிதத்தைப் பால் கொண்டு வாற சனமெல்லாம் நிண்டு வாசிச்சது. பிறகு அவரைக் காணுற இடமெல்லாம் 'எப்ப ஐயா வாறியள்' எண்டுதான் கேள்வி. கடை வழியவும் கேட்டிருக்குதுகள். பத்து நாள் தாக்குப் பிடிச்சார். நேற்று விடியக் காருக்குள்ள வந்தார். நானும் பொல்லை ஊண்டிக்கொண்டு போனன்.

கார் லைற்றை நூக்கச் சொல்லிப் பிரதீபன் சொன்னான். நூத்தார். பிறகு ஒருத்தரை ஒருத்தர் தெரியேல்லை. கையில தாள் சரசரக்கிற சத்தம் மட்டும் கேட்டுது. கைப்பேசி லைற்றை அடிக்கப் பார்த்தார், "அது இந்த லைற்றின்ர வெளிச்சமில்லை ஐயா" எண்டு கொண்ணன் சொன்னான். பாதை தெரியேல்லை, விடியட்டும் எண்டு சொல்லிக் காருக்குப் போக வெளிக்கிட்டார்.

கடைசியில அந்த வரியை வெட்டிக் கையெழுத்து வைச்சுப்போட்டார். வேற லைற் வரும் எண்டும் சொன்னார். வரட்டும் பாப்பம். ஆனா அதுக்கு முதல் அவரைச் சும்மா காருக்குப் போக நான் விடேல்லை. நீ என்ர கையை நினைச்சு அழாதை பிள்ளை. எனக்கும் அழுகையில்லை, ஆத்திரந்தான். என்னைக் கவனமில்லாதவள் எண்டு எழுதினதை அவற்ர வாயால நான் கேக்க வேணும் எண்டு இருந்துது. நான் ரோச் கொண்டு போயிருந்தன். இடக்கையால ரோச்சை அந்தத் தாளுக்கு அடிச்சன். "இப்ப வெளிச்சம் காணும். வாசியுங்கோ தம்பி" எண்டன்.

மிச்சத்தை நானே எழுதுறன் எண்டு வினோஜாட்டைப் பேனையை வாங்கிறன்.

(கீழே, கோணலான பெரிய எழுத்தில்) அவர் வாசிச்சு முடியுமட்டும் நான் ரோச்சை நூக்கேல்லை. தலைக்கு எண்ணெய் வை. அம்மா.